யாரும் அசையாத நிமிடம்

அந்த ஆட்டத்துக்கு என்னை நடுவராக அழைத்தவர் ஃபோனில் கேட்ட கேள்விகளைச் சொன்னால் நீங்களும் சிரிப்பீர்கள். நான் எந்தக் கல்லூரியில் படித்தேன்? என் வீட்டுக்காரர் எங்கே படித்தார்? நாத்தனார்? ஓரகத்தி? கொழுந்தன் பிள்ளைகள் யாராவது அந்தப் பக்கம் சேர்ந்திருக்கிறார்களா? நான் ஃபோனைக் கையால் பொத்திக்கொண்டு, பக்கத்து மேசையில் லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்த கணவரிடம், "யாரோ சம்பந்தம் பேசுற மாதிரி விசாரிக்கிறாங்க" என்றேன்.

"நல்ல இடமான்னு நீயும் விசாரி" என்றார் அவர், தலை நிமிராமல்.

நாங்கள் இருவரும் சேர்ந்து கண்ணாடிக் கடை நடத்துகிறோம். நான் கண்ணைச் சோதித்து பவர் எழுதிக் கொடுப்பேன். அவர் லென்ஸை வெட்டி ஃபிரேமில் பொருத்துவார். விடுமுறை நாட்களில் நான் கால்பந்து நடுவர். கண்ணாடிக் கடைக்காரி விசில் ஊதினால் கூட்டம் என்னென்ன சொல்லும் என்று விளக்க வேண்டியதில்லை. "மேடம், உங்க கடையிலயே ஒண்ணு வாங்கிப் போட்டுக்கங்க" என்பது அதில் மரியாதையானது. அதெல்லாம் பழகிவிட்டது. எனக்கு இன்னும் பழகாதது என்னுடைய கோபம்தான். மூக்குக்கு மேல் நிற்கும். அதோடு, எதைப் பார்த்தாலும் ஏன், எதற்கு என்று தோண்டித் துருவாமல் விடவும் மாட்டேன். இந்த இரண்டும் ஒரே ஆளிடம் இருப்பது வீட்டுக்கு நல்லதல்ல என்பது என் கணவரின் கருத்து.

விஷயம் இதுதான். ஒரே நகரத்தில் இரண்டு பெண்கள் கல்லூரிகள். ஒன்று மேட்டில் இருக்கிறது, இன்னொன்று பாலத்தை ஒட்டி. ஊரே அவற்றை மேட்டுக் கல்லூரி, பாலத்துக் கல்லூரி என்றுதான் சொல்லும். ஆண்டுக்கு ஒரு முறை இருவரும் கால்பந்து ஆடுவார்கள். மற்றவர்களிடம் வருடம் முழுக்க உதை வாங்கினாலும் கவலைப்பட மாட்டார்கள். இந்த ஒரு ஆட்டத்தில் தோற்றால் யாருக்கும் சோறு இறங்காது. நடுவர் மட்டும் இரண்டு பக்கமும் ஒட்டாத ஆளாக இருக்க வேண்டும். ஒருவரை ஒரு முறைதான் அழைப்பார்கள். மறுமுறை வருவதற்குள் எதிர்ப்பக்கம் அவர் மனதைக் கெடுத்துவிடும் என்று இரு தரப்பும் உறுதியாக நம்புகின்றன.

நான் உடனே ஒத்துக்கொண்டதற்குக் காரணம் இருந்தது. தேசிய நடுவர் பட்டியலில் இடம் கேட்டு விண்ணப்பித்திருந்தேன். வயது வரம்பு எனக்கு இந்த வருடத்தோடு முடிகிறது. இனிமேல் விண்ணப்பிக்கவே முடியாது. ஒரு மதிப்பீட்டாளர் வந்து என் ஆட்டத்தைப் பார்த்து எழுதுவார் என்றும், அது இந்த ஆட்டம்தான் என்றும் சங்கத்திலிருந்து தகவல் வந்தது. பட்டியலில் என் பெயர் ஏறினால் நாட்டின் பெரிய ஆட்டங்களில் எல்லாம் நிற்கலாம். அந்த ஆசையில் எத்தனையோ வருடம் புழுதி மைதானங்களில் ஓடியிருக்கிறேன். எனக்கு அது வேண்டும், ரொம்பவும் வேண்டும் என்பதை இங்கே ஒளித்து வைப்பானேன்.

மைதானத்துக்குப் போனதும் எல்லாவற்றையும் கறாராகச் செய்தேன். பந்தின் காற்றை அழுத்திப் பார்த்தேன். இரண்டு வலைகளிலும் ஓட்டை தேடினேன். உடை மாற்றும் அறைகளுக்குப் போய் ஒவ்வொருத்தியின் பூட்ஸ் அடியையும் தடவிப் பார்த்தேன். கோட்டு நடுவர்கள் இருவரும் ஆளுக்கொரு கல்லூரியின் பழைய மாணவிகள். அதுவும் இங்கே வழக்கமாம். ஒருத்தி வங்கியில் வேலை பார்ப்பவள், இன்னொருத்தி பல் மருத்துவர். ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டே கொடிகளைச் சுருட்டி வைத்திருந்தார்கள்.

மேட்டுக் கல்லூரி அறையில் ஒரு பெண் மட்டும் ஓரமாக உட்கார்ந்து பூட்ஸ் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். வேறெங்கோ படித்துவிட்டு இந்தப் பருவத்தில்தான் இங்கே மாறி வந்திருக்கிறாள். வழக்கமாக முன்னால் ஆடுபவளுக்குக் கணுக்கால் பிசகிவிட்டதால் காலையில்தான் இவளை அணியில் சேர்த்திருக்கிறார்கள். அவள் பெயர்கூட இன்னும் யார் வாயிலும் ஒட்டவில்லை. "புதுசு, சீக்கிரம்டீ!" என்று கேப்டன் அதட்டினாள். அந்தக் கேப்டன் நல்ல உயரம். எல்லாரும் அவளை நெட்டை என்றுதான் கூப்பிட்டார்கள்.

நாணயம் சுண்டியதில் தொடக்க உதை மேட்டுக்காரிகளுக்கு வந்தது. நடுவட்டத்தில் பந்தின் முன்னால் புதுசு நின்றாள். கூரை போட்ட மேடையில் மதிப்பீட்டாளர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். நான் கடிகாரத்தை அழுத்தி விசில் ஊதினேன்.

யாரும் அசையவில்லை.

விசில் கேட்கவில்லையோ என்று மறுபடி ஊதினேன். இரண்டு அணியும் நின்ற இடத்தில் நின்றன. பாலத்துக் கேப்டன்தான் அவர்களுடைய கோல்கீப்பர்; அவள் கையைக் கட்டிக்கொண்டு கம்பத்தில் சாய்ந்திருந்தாள். நெட்டை வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு நேரம் காது கிழியக் கத்திக்கொண்டிருந்த கூட்டமும் மூச்சுக் காட்டவில்லை. எங்கோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். பத்துப் பேர் அவளை 'உஷ்' என்று அடக்கினார்கள்.

என்னை வைத்து வேடிக்கை பார்க்கிறார்கள் என்று நினைத்தேன். அதுவும் மதிப்பீட்டாளர் முன்னால். எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியாது. நேரே புதுசு முன்னால் போய் நின்றேன்.

"ஏம்மா, என்ன சிலையா நிக்கிற? விளையாட வந்தியா, வேடிக்கை பார்க்க வந்தியா? பந்தை எடுத்து ஆடு!"

அவள் மிரண்டு கேப்டனைப் பார்த்தாள். கேப்டன் வானத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பெரியவர்கள் சொன்னால் கேட்க வேண்டும் என்று யாரோ நல்லபடியாக வளர்த்த பெண் அவள். பந்தைத் தட்டினாள். இரண்டடி நடந்து மறுபடி தட்டினாள். யாரும் குறுக்கே வரவில்லை. பிறகு கால் பழக்கம் அவளை இழுத்துக்கொண்டு போனது. நின்றிருந்த பெண்களுக்கு நடுவே, தோப்பு மரங்களுக்கிடையே ஓடுவதுபோல, பந்தோடு ஓடினாள். அவர்களுடைய கண்கள் மட்டும் அவளோடு திரும்பின. கீப்பர் கட்டிய கையை அவிழ்க்கவில்லை, வாயை மட்டும் திறந்தாள். பந்து அவளைத் தாண்டி வலைக்குள் போய் உருண்டு நின்றது.

நான் விசில் ஊதி நடுவட்டத்தைக் காட்டினேன். கோல்.

அதன் பிறகு கிளம்பிய சத்தத்தை நான் எந்த மைதானத்திலும் கேட்டதில்லை. மொத்தக் கூட்டமும் எழுந்து நின்றது. கோட்டு நடுவர்கள் கொடியைக் கீழே போட்டுவிட்டுத் தலையில் கை வைத்தார்கள். இரண்டு கேப்டன்களும் இரண்டு திசையிலிருந்து என்னை நோக்கி ஓடி வந்தார்கள். இதில் வியப்பு என்னவென்றால், கோல் வாங்கினவளைவிட கோல் அடித்த பக்கத்துக் கேப்டன்தான் முதலில் வந்து சேர்ந்தாள்.

"மேடம், அந்த கோல் எங்களுக்கு வேண்டாம்! தள்ளிடுங்க!" என்றாள் நெட்டை.

"ஆமா மேடம், அது கணக்கில்ல" என்றாள் கீப்பர், மூச்சு வாங்க. "முதல் நிமிஷம் யாரும் பந்தைத் தொட மாட்டோம். எப்பவுமே அப்படித்தான். உங்களுக்கு யாருமே சொல்லலையா?"

"யார் சொல்றது? நீங்கதான் வெளியாளுங்களா தேடிப் பிடிக்கிறீங்களே!"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அந்தப் பொண்ணுக்காவது சொன்னீங்களா?" என்றேன்.

"ஊருக்கே தெரியுமே மேடம். இவளுக்குத் தெரியாதுன்னு யாருக்குத் தோணும்?" என்றாள் நெட்டை, அழமாட்டாத குறையாக. "தயவு பண்ணி தள்ளிடுங்க. இப்படி ஒரு கோல் போட்டு ஜெயிச்சா எங்க அம்மாவே என்னை வீட்டுக்குள்ள விட மாட்டாங்க. அவங்களும் இந்த டீம்லதான் ஆடினாங்க."

ஆட்டத்தின் இரு கேப்டன்களும் ஒரே குரலில் ஒன்றைக் கேட்கிறார்கள். இப்படியொரு வாய்ப்பு எந்த நடுவருக்கும் வாழ்நாளில் கிடைக்காது. நான் மேடையைப் பார்த்தேன். மதிப்பீட்டாளர் முன்னால் சாய்ந்து உட்கார்ந்து என்னையே கவனித்துக்கொண்டிருந்தார். இதுதான் தேர்வு என்று எனக்குள் ஒரு குரல் சொன்னது. கூட்டத்துக்குப் பயந்து சட்டத்தை வளைப்பவளா, நிமிர்ந்து நிற்பவளா என்று பார்க்கிறார்.

"இங்க பாருங்க," என்றேன், மேடைக்கும் கேட்கும்படியாக. "ஒரு நிமிஷம் சும்மா நிக்கணும்னு எந்தச் சட்டப் புத்தகத்துலயும் இல்ல. உங்க வழக்கத்தை உங்க வீட்டுல வச்சுக்கங்க. இங்க சட்டம்தான். கோல்னா கோல்."

திரும்பிப் பார்த்தேன். மதிப்பீட்டாளர் கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தார். மனிதர் நெகிழ்ந்துபோய்விட்டார் என்று நினைத்தேன்.

அடுத்து பாலத்துக்காரிகள் பந்தை நடுவில் வைத்தார்கள். விசில் ஊதினேன். மறுபடியும் இரண்டு அணியும் அப்படியே நின்றன! கெட்டுப்போன நிமிடத்தை முதலிலிருந்து நின்று சரிசெய்கிறார்களாம். இந்த முறை புதுசுவும் நின்றாள், கன்னத்தில் கண்ணீர் வழிய. எனக்கும் கத்த மனம் வரவில்லை. விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு நானும் நின்றேன். பாலத்தின் மேல் போகிற வண்டிகளின் சத்தம் கேட்டது. கொடிக்கம்பத்தில் கயிறு தட்டிக்கொண்டிருந்தது. அந்த ஒரு நிமிடத்தில் நான் யோசித்திருக்க வேண்டியது வேறு. நான் யோசித்ததோ, இவர்கள் எதற்காக இப்படி நிற்கிறார்கள் என்பதை மட்டும்தான். அந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

இடைவேளையில் எல்லாரும் தண்ணீர் குடித்தார்கள். நான் விசாரணை நடத்தினேன்.

"முதல் மேட்ச்ல ஒரு பொண்ணோட கண்ணாடி கீழ விழுந்துருச்சு," என்றாள் வங்கிக்காரி, மேட்டுக் கல்லூரியின் பழைய மாணவி. "மிதிச்சுடப் போறாங்கன்னு எல்லாரும் அசையாம நின்னாங்க. அதோட ஞாபகம்தான் இது." தொழில்முறையில் எனக்கு இந்தக் கதை மிகவும் பிடித்திருந்தது.

"சும்மா கதை விடுறா," என்றாள் பல் மருத்துவர். "அன்னைக்கு அவங்க கீப்பர் பஸ்ஸை விட்டுட்டு லேட்டா வந்தா. ஐயோ பாவம்னு நாங்க பந்தைத் தொடாம காத்திருந்தோம். அதைச் சொல்ல அவங்களுக்கு வெக்கம்."

"எங்க கீப்பர் ஹாஸ்டல்! அவ எதுக்குடீ பஸ்ல வரணும்?"

கேன்டீன் நடத்தும் அம்மாவைக் கேட்டேன். அவர் பாட்டில்களை அடுக்கிக்கொண்டே, "ரெண்டு பேர் சொல்றதும் பொய்யி" என்றார். "அக்கா தங்கச்சி ரெண்டு பேர், ஆளுக்கொரு காலேஜ். காலையில வீட்டுல சட்டைக்குச் சண்டை போட்டுட்டு வந்திருக்காங்க. நடுவுல நின்னு ஒருத்தியை ஒருத்தி முறைச்சாங்க பாருங்க, மத்தவங்க ஆட்டத்தை மறந்துட்டு அதை வேடிக்கை பார்த்தாங்க. எங்க மாமியார் கண்ணால பார்த்தது." மாமியாரைக் கேட்கலாமா என்றேன். போய்ச் சேர்ந்து வருடமாகிறதாம்.

மூன்று பேரும் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னார்கள். யாருக்கும் காரணம் தெரியாது என்பது எனக்குப் புரிந்தது. காரணம் தெரியாததால் ஒருவரும் அதைக் கைவிடத் தயாராக இல்லை என்பதும் புரிந்தது. காரணம் தெரிந்திருந்தால், அது தீர்ந்துவிட்டது, போதும் என்று எவளாவது ஒருத்தி என்றைக்கோ நிறுத்தியிருப்பாள்.

இரண்டாம் பாதியில் பாலத்துக்காரிகள் உயிரைக் கொடுத்து ஆடினார்கள். ஒரு முறை பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. கீப்பர்கூட நடுக்கோடு வரை ஓடி வந்து உதவி செய்து பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. அந்த ஒரே கோலோடு ஆட்டம் முடிந்தது. ஜெயித்தவர்கள் துள்ளவில்லை. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு அறைக்குப் போனார்கள்.

நடுவர் அறையில் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தபோது மதிப்பீட்டாளர் வந்தார். நாற்காலியை இழுத்து எதிரே போட்டுக்கொண்டார். வயதானவர், பொறுமையானவர்.

"நானும் ஒரு காலத்துல இங்க விசில் ஊதியிருக்கேம்மா," என்றார். "எனக்கும் யாரும் சொல்லல. மூணு தடவை ஊதிப் பார்த்துட்டு, விசில்தான் கெட்டுப்போச்சுன்னு நினைச்சேன்."

நான் சிரித்தேன். "நான் உறுதியா நின்னேன் சார். ரெண்டு கேப்டனும் வந்து கெஞ்சினாங்க, பார்த்தீங்களா? சட்டத்தை விட்டுக் கொடுக்கல."

"பார்த்தேன்." கொஞ்சம் தயங்கினார். "ஒண்ணு கேக்கணும். அந்தப் பொண்ணு தொடக்க உதையைத் தட்டினா. அப்புறம் பந்தை யார் தொட்டா?"

"யாரும் தொடல சார். அவளே..."

தொடக்க உதையைத் தட்டியவள், வேறு ஒருவர் பந்தைத் தொடும்வரை மறுபடி அதைத் தொடக்கூடாது. நடுவர் பயிற்சியில் முதல் நாள் பாடம். புதிதாக வருபவர்களுக்கு நானே எத்தனை தடவை சொல்லிக் கொடுத்திருப்பேன்! அவள் இரண்டாவது முறை தட்டியபோதே விசில் ஊதி, எதிரணிக்குப் பந்தைக் கொடுத்திருக்க வேண்டும். அது கோலே இல்லை.

"எல்லாரும் அந்த ஒரு நிமிஷத்தைப் பத்தியே கத்தினாங்க. கோட்டு நடுவருங்ககூட," என்றார் அவர். "யாருக்கும் சட்டம் ஞாபகம் வரல. உனக்காவது வரும்னு பார்த்துட்டே இருந்தேன். வந்து கெஞ்சினாங்களே, அவங்க பேச்சைக் கேட்டுத் தள்ளியிருந்தாக்கூட சரியாப் போயிருக்கும்."

சட்டம், சட்டம் என்று அத்தனை பேர் முன்னால் முழங்கினேனே. எனக்கு அழுகை வந்தது, அழுதேன். அவர் பார்க்காததுபோல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நான் பார்த்ததைத்தான் எழுதணும்மா. அடுத்த வருஷம்னு சொல்லலாம்னா, உன் வயசு..."

"தெரியும் சார்."

"வெளிய நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். நீயும் சொல்ல வேண்டியதில்ல. நடுவர் முடிவு முடிவுதான், இனிமே மாறாது."

அவர் போன பிறகு முகம் கழுவிக்கொண்டேன். பேசாமல் வண்டியைக் கிளப்பிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் கம்பத்தில் பட்டுத் திரும்பிய பந்தைப் பார்த்து மண்டியிட்ட அந்தப் பெண்களை நினைத்தால் கால் நகரவில்லை. தோற்காதவர்கள் தோற்றதாக நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். அது சரியல்ல.

வெளியே இரண்டு பேருந்துகளும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. புதுசு தனியாகப் படியில் உட்கார்ந்திருந்தாள். அவள் அணியில் ஒருத்தியும் அவளோடு பேசவில்லை. நான் இரண்டு கேப்டன்களையும் கூப்பிட்டேன். அவளையும் கூப்பிட்டேன்.

"அது கோல் இல்ல," என்றேன். "உங்க நிமிஷத்துக்காக இல்ல. அவ பந்தை ரெண்டாவது தடவை தொட்டா. சட்டப்படியே தப்பு. நான்தான் கவனிக்கல. ஆட வேண்டாம்னு நின்னவங்களை ஆடச் சொன்னதும் நான்தான். இவ மேல ஒரு தப்பும் இல்ல. முடிவை இனிமே மாத்த முடியாது. ஆனா உங்களுக்குத் தெரியணும்."

திட்டுவார்கள் என்று காத்திருந்தேன். கீப்பர் முகத்தில் முதலில் ஒன்றுமே இல்லை. பிறகு மெதுவாக, பவர் சரியாகப் போட்ட கண்ணாடியை முதன்முதலாக மாட்டிக்கொண்டவர்களின் முகத்தில் வருமே, அப்படியொரு மலர்ச்சி வந்தது.

"அப்ப நாங்க தோக்கலையா?"

"தோக்கல."

"ஏய்!" என்று பேருந்தைப் பார்த்துக் கத்தினாள். "இறங்குங்கடீ எல்லாரும்! நம்மள ஏமாத்திட்டாங்க! திருட்டு கோல்டீ!"

அவ்வளவு நேரம் எழவு வீடு மாதிரி இருந்த பேருந்து ஒரே கூச்சலாகி இறங்கி வந்தது. ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொண்டார்கள். உண்மையாகவே ஜெயித்திருந்தால்கூட இவ்வளவு சந்தோஷம் வந்திருக்காது.

"யாருடீ திருடி?" என்று நெட்டை முன்னால் வந்தாள். அந்த கோல் வேண்டவே வேண்டாம் என்று என்னிடம் கெஞ்சிய அதே நெட்டை. "ரெஃப்ரி விசில் ஊதியாச்சு. கோல்னா கோல்தான்!"

"அவங்களே இல்லைன்னு சொல்லிட்டாங்கல்ல!"

"மேட்ச் முடிஞ்சப்புறம் சொன்னா செல்லாது! எங்க புதுசு ஒத்தையா உங்க மொத்த டீமையும் தாண்டி அடிச்சா. முடிஞ்சா தடுத்திருக்க வேண்டியதுதானே? நீ ஏன் கையைக் கட்டிட்டு நின்ன?" நெட்டை புதுசுவை இழுத்துத் தன் பக்கத்தில் நிறுத்தித் தோளில் கை போட்டுக்கொண்டாள். அந்தப் பெண் ஒன்றும் புரியாமல், ஆனால் சிரித்துக்கொண்டு நின்றாள்.

"இன்னும் அம்பது வருஷத்துக்குச் சொல்லிக் காட்டுவோம்டீ!" என்றாள் கீப்பர்.

"சொல்லுங்கடீ, நாங்களும் சொல்லுவோம்!"

நான் நடுவில் நின்றேன். என்னை யாரும் கவனிக்கவில்லை. பட்டியல் போய்விட்டது, இனி எந்தக் காலத்திலும் வராது என்ற நினைப்பு நெஞ்சில் கல்லாக உட்கார்ந்திருந்தது. என் தவறைப் பங்கு போட்டுக்கொண்டு இவ்வளவு பேர் இவ்வளவு குஷியாக இருப்பதைப் பார்க்கச் சிரிப்பும் வந்தது. வண்டியை நோக்கி நடந்தேன்.

பின்னால் யாரோ ஓடி வரும் சத்தம். பாலத்துக் கேப்டன். கீப்பர் கையுறையை இன்னும் கழற்றவில்லை.

"மேடம், ஒரு நிமிஷம். உங்க பேர் என்ன?"

"எதுக்கும்மா? புகார் எழுதணுமா?"

"ஐயய்யோ, அதெல்லாம் இல்ல மேடம்," என்றாள் அவள், நாக்கைக் கடித்துக்கொண்டு. "வருஷா வருஷம் திட்டணும்ல? ரெஃப்ரின்னு மொட்டையா எப்படித் திட்டுறது? எங்களுக்கு அப்புறம் வர்றவங்களுக்கும் தெரியணுமே."

நான் அவளைப் பார்த்தேன். விளையாட்டாகக் கேட்கவில்லை. மனப்பாடம் செய்யப்போகிறவளைப்போலக் காத்துக்கொண்டு நின்றாள்.

என் முழுப் பெயரையும் சொன்னேன், அப்பா பெயரையும் சேர்த்து. அவள் ஒரு முறை திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். சரியாகத்தான் சொன்னாள். இருந்தாலும், இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன்.